கூப்புடலீங்க, கேட்டேனுங்க

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் "ஏனுங்க எம் பேரைப் போட்டீங்க?" என்று கேட்பார். நான் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அது உருப்படியான காரணமாக இல்லாவிட்டால் இன்னொரு ஏனுங்க வரும். ஒரே கீபோர்டின் முன்னால் அவரோடு உட்கார்ந்து கோட் எழுதக் கற்றுக்கொண்டவள் நான். காரணம் கையில் இல்லாமல் அவரிடம் போய் மாட்டிக்கொள்ளும் தைரியம் எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏனுங்க என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. டீ மாஸ்டரைக் கூப்பிட, பஸ்ஸில் முன்னால் நிற்பவரை நகரச் சொல்ல, மனைவி கணவரை அழைக்க, எல்லாவற்றுக்கும் ஒரு ஏனுங்க உண்டு. அதில் கேள்வியே கிடையாது. கொஞ்சம் இங்கே பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். இன்னொரு ஏனுங்க நிஜமாகவே ஏன் என்று கேட்பது. சொல் ஒன்றுதான், இழுக்கிற விதம்தான் வேறு. முதலாவதை நாங்கள் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டாவதை அவ்வளவாகத் தொட மாட்டோம். மரியாதைக்காரர்கள் அல்லவா? நான் பெயர் சொல்லாத அந்த அக்கா மட்டும் இரண்டாவதை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்.

சரவணம்பட்டியில் கோழிப் பண்ணைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து விற்கும் சின்ன கம்பெனி அது. கீழே பேக்கரி, மாடியில் நாங்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சத்தியமங்கலத்து வீட்டில் அப்பாவின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நான் அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தேன். அக்காவும் அன்றைக்குத்தான் சேர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பல்லடத்துப் பக்கம் தறிக்குடோன் வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, குடோனில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். பயிற்சி முடிந்து வேலை கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் மறுபேச்சு பேசாமல் கணக்கெழுதத் திரும்பிவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. "தறி கூட நாள் பூராக் கத்தீட்டே இருக்குதுங்க கண்ணு. நாம மட்டும் எப்படி மறுபேச்சு பேசாம இருக்கறது?" என்று என்னிடம் முதல் நாளே கேட்டார்.

ஆட்களுக்குப் பாதிதான் அங்கே கம்ப்யூட்டர். எம்.டி. அதை அப்படியா சொல்வார்? வெளிநாட்டில் எல்லாம் இரண்டு பேர் ஒரு மெஷினில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள், இதற்கு 'பேர் புரோகிராமிங்' என்று பெயர் என்றார். எங்கள் வரிசையில் யாருக்கும் விளங்கவில்லை. அக்கா எழுந்து, "எம் பேரு எதுக்குங்க புரோகிராமுக்கு?" என்று கேட்டார். எங்கள் பயிற்சியாளர் திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷன். "அந்தப் பேரு இல்லம்மா. இது இங்கிலீஷ் பேர், ஜோடின்னு அர்த்தம்" என்று விளக்கினார். ஒருவர் கீபோர்டைப் பிடிக்க வேண்டும், அவர் டிரைவர். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி பார்க்க வேண்டும், அவர் நேவிகேட்டர். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும்.

"நேவிகேட்டரெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. கண்டக்டர்னு வெச்சுக்கலாம்" என்றார் அக்கா. அவருக்குக் கண்டக்டர்களை நன்றாகத் தெரியும். தினமும் பல்லடத்திலிருந்து சிங்காநல்லூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வருகிறவர். விசில் கொடுக்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்பதுதான் அவர் புரோகிராமிங்குக்குப் போட்ட முதல் சட்டம். விளங்கினால் "ரைட்" என்பார், நான் அடுத்த வரிக்குப் போகலாம். விளங்காவிட்டால் பஸ்ஸை நிறுத்தும் கண்டக்டர் மாதிரியே "ஓல்டான்!" என்று கத்துவார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மெஷின்களும் நின்றுவிடும்.

கல்லூரியில் நான் நன்றாக மார்க் வாங்கியவள். ஆனால் கோட் எழுதத் தெரியாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்த கணக்கை இணையத்தில் தேடுவேன், எவரோ எழுதி வைத்திருப்பதை அள்ளுவேன், ஒட்டுவேன், ஓடினால் கும்பிடு போடுவேன். முதல் நாளும் அப்படித்தான் ஒட்டினேன். ஓடியது. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அக்கா திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"ஏனுங்க?"

அறையின் அந்தக் கோடியிலிருந்து பயிற்சியாளர் விறுவிறு என்று வந்தார். "சொல்லுங்கம்மா, எதுக்குக் கூப்பிட்டீங்க?" ஊருக்கு வந்த புதிதில் கீழே பேக்கரியில் அவர் கற்றுக்கொண்ட முதல் கொங்குச் சொல் அது. யாராவது ஏனுங்க என்றால் தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று வந்துவிடுவார்.

"கூப்புடலீங்க. கேட்டேனுங்க" என்றார் அக்கா.

அவர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஏனுங்க. மறுபடியும் வந்தார், மறுபடியும் அதே பதில். ஒரு வாரம் பாவம் அந்த மனுஷன் நடந்தே இளைத்தார். பிறகு அவரும் தெளிந்துவிட்டார். அக்கா கேட்டால் அசையாமல் உட்கார்ந்து சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒட்டிய வரி ஒவ்வொன்றுக்கும் ஏன் அது அங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அதை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அழித்தும் ஓடினால், "அப்ப இது சும்மா டிக்கெட் வாங்காம ஏறி உக்காந்திருக்குதுங்க. எறக்கி உடுங்க" என்பார்.

அவர் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் கோழி தீவனம் பொறுக்குவது மாதிரி தேடித் தேடித்தான் கொத்துவார். அடைப்புக்குறியைத் திறந்தால் மூட மறப்பார். அவர் டிரைவராக இருக்கும்போது எனக்குக் கை பரபரக்கும், ஆனால் கண்டக்டர் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்பது இரண்டாவது சட்டம். தப்பும் தாராளமாகச் செய்வார். எங்கள் சரித்திரத்திலேயே பெரிய தப்பு இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான்.

பண்ணையில் குஞ்சு இறக்கிய தேதியைக் கொடுத்தால் இன்றைக்கு அதற்கு எத்தனை நாள் வயது என்று சொல்ல வேண்டும். அந்த வயதைப் பார்த்துத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளை மெஷின் நினைவூட்டும். நான் இணையத்திலிருந்து எடுத்த வரியின் கடைசியில் ஒரு பிளஸ் ஒன்று இருந்தது. அக்கா விரலை வைத்தார்.

"ஏனுங்க இந்தப் பிளஸ் ஒண்ணு?"

எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு வாய் உண்டு. "அந்தக் குஞ்சை 'ஒரு நாள் குஞ்சு'ன்னுதானுங்க்கா எல்லாரும் சொல்றாங்க? அப்ப எறக்குற அன்னிக்கே அதுக்கு ஒரு நாளு ஆயிருச்சுல்லங்க?" என்று அடித்துவிட்டேன்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஆமாங்க கண்ணு! செரியான காரணமுங்க. ரைட்!" என்றார். பக்கத்து ஜோடிகளையும் கூப்பிட்டு அந்தக் காரணத்தைச் சொல்லி, அவர்களையும் பிளஸ் ஒன்று போட வைத்தார். பண்ணை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, எல்லாப் பண்ணைக்கும் மருந்து ஒரு நாள் முன்னாடியே காட்டுது?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் கணக்கில், குஞ்சு இறக்கிய மறுநாள்தான் அதற்கு ஒரு நாள் வயது. ஒரு நாள் குஞ்சு என்பது வாய்ப்பேச்சு, கணக்கில்லை. எம்.டி. யார் இதை எழுதியது என்று சத்தம் போட்டார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "நாங்க எழுதுனோமுங்க. காரணம் கேட்டு எழுதுனோம், காரணந்தான் தப்பாப் போச்சுங்க. மாத்திப்போடறோம்" என்றார். நீயா நானா என்ற பேச்சு அவரிடம் கிடையாது. கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டால் நாம, மூன்றாவது ஆள் வந்து கேட்டால் நாங்க.

அந்தத் தப்புக்குப் பிறகு அவர் அடங்கியிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. கேள்வியை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டார். "ஏனுங்க?" என்பார், நான் பதில் சொல்வேன். "அது உங்களுக்கு எப்புடித் தெரியுமுங்க?" என்பார்.

செத்த கோழி எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டால் 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வரும்படி கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அக்கா டிரைவராக இருந்த ஒரு மத்தியானம், அதை எடுத்துவிட்டு, 'இருக்கற கோழியை விடச் செத்த கோழி ஜாஸ்தியா இருக்குதுங்க. ஒருக்கா பாத்துப் போடுங்க' என்று எழுதினார். எம்.டி. பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சாஃப்ட்வேர் இப்படிப் பேசக் கூடாதாம். "ஏனுங்க சார்? தப்புப் பண்ணவங்ககிட்ட மரியாதையாச் சொன்னா அவங்களுக்குக் கோவம் வராதுங்க. என்ன தப்புன்னு சொன்னாத் திருத்திக்குவாங்க. 'தவறான உள்ளீடு'ன்னா அவங்க என்னத்தையுங்க திருத்தறது?" எம்.டி.யிடம் பதில் இல்லை. அதனால் அதை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மாற்றவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் "செரீங்க சார்" என்று மரியாதையாகத் தலையாட்டுவார், அந்த வரி அங்கேயே இருக்கும். இவ்வளவு பணிவாக ஒருத்தர் முரண்டு பிடித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவரோடு நான் சண்டை போட்டதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா போன் செய்திருந்தார். ஊருக்குப் போக வேண்டும் என்றேன்.

"ஏனுங்க?"

"அப்பா சொன்னாங்க."

"அவங்க ஏனுங்க இப்பச் சொன்னாங்க? நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏனுங்க்கா, மனுசங்களெல்லாம் புரோகிராமா? எல்லாத்துக்கும் ஒரு ஏனுங்க! சித்த சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன்.

சும்மா இருந்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து ஒரு கேள்வி இல்லை, ஓல்டான் இல்லை. நான் வரி வரியாக ஒட்டினேன், அவர் ரைட் ரைட் என்று சொல்லிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கோட் ஓடியது. எனக்குப் பிடிக்கவே இல்லை. என்ன எழுதினோம் என்று எனக்கே தெரியாத ஒன்று என் கண் முன்னால் சரியாக ஓடிக்கொண்டிருந்தது, பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே நான் கையை எடுத்துவிட்டு, "கேளுங்க்கா" என்றேன். "எந்த வரியையுங்க கண்ணு?" என்று கேட்டார். "எல்லாத்தையும்" என்றேன். அப்படியே முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. என் டப்பாவிலிருந்து அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துச் சாப்பிட்டதுதான் அவருடைய சமாதானம். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போகவும் இல்லை. அப்பாவிடம் ஏன் இப்போதே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

பயிற்சி முடிகிற சமயத்தில் எம்.டி. குண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குத்தான் வேலை. அதற்குத் தனித்தனியாகப் பரீட்சை. அத்தனை நாள் சேர்ந்து உட்காரச் சொன்னவர்கள், கடைசி நாள் பிரித்து உட்காரச் சொன்னார்கள். அக்கா எதுவும் சொல்லாமல் தனக்குக் கொடுத்த மெஷின் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன்மேல் தன் சாப்பாட்டுக் கூடையை வைத்தார். பரீட்சை முழுக்க அந்தக் கூடையிடம் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் எழுதினார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் நாற்காலி கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் காதில் அந்தக் குரல் கேட்டது, காரணம் தெரியாததை எல்லாம் அழித்துக்கொண்டே வந்தேன். நேரம் முடிந்தபோது நான் பாதியில்தான் நின்றிருந்தேன். அவரும் அதே பாதியில் நின்றிருந்தார்.

மறுநாள் எங்கள் இரண்டு பேரையும் எம்.டி. அறைக்குள் கூப்பிட்டார்கள். எம்.டி. உள்ளூர்க்காரர். பேச்சில் வெண்ணெய் தடவித்தான் பேசுவார்.

"ரெண்டு பேருமே நல்லாப் பண்ணுனீங்க. ஆனா எடம் ஒண்ணுதானுங்க இருக்குது. இந்தக் கண்ணை எடுத்துக்கறோம்" என்று என்னைக் காட்டினார்.

"ஏனுங்க சார்?" என்றார் அக்கா.

"சொல்லுங்க அம்மணி."

திருநெல்வேலிக்காரருக்குத் தெரியாமல் போனது நியாயம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எம்.டி.க்கு எந்த ஏனுங்க எது என்று தெரியாதா என்ன? தெரியாத மாதிரி இருந்தார்.

"கூப்புடலீங்க. கேட்டேனுங்க."

எம்.டி. நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "நீங்க பரீட்சையை முழுசா முடிக்கலீங்க அம்மணி."

"இவங்களும் முடிக்கலீங்க. ஒரே எடத்துலதான் நின்னோம். அப்பறம் ஏனுங்க?"

"டைப்பிங் ரொம்ப மெதுவுங்க உங்களுக்கு."

"மெதுவா அடிச்ச நானும் வேகமா அடிச்ச இவங்களும் ஒரே எடத்துக்குத்தான வந்து சேந்தோம்? அப்ப வேகம் காரணமில்லீங்க."

"அவங்க பி.இ. படிச்சிருக்காங்க."

"டிப்ளமோ போதும்னு நீங்கதானுங்க விளம்பரத்துல போட்டீங்க."

நாங்கள் கோடில் பிழை தேடுவது இப்படித்தான். ஒரு வரியை எடுத்துவிட்டுப் பார்ப்போம், பிழை அப்படியே இருந்தால் இது காரணமில்லை என்று அடுத்த வரிக்குப் போவோம். அக்கா என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குக் கோபமே இல்லை. குரல் உயரவில்லை. அவர் பையில் அன்றைக்கும் தறிக்குடோன் சாவி கிடந்தது, நடக்கும்போது சத்தம் கேட்கும். இந்த அறையை விட்டு வேலை இல்லாமல் இறங்கினால் அவர் போக வேண்டிய இடம் அதுதான்.

எம்.டி.க்கு வெண்ணெய் தீர்ந்துவிட்டது. "உள்ளதைச் சொல்றேனுங்க அம்மணி. உங்களுக்குச் சின்னப் பொண்ணு இருக்குது. அதுக்குக் காய்ச்சல்னா லீவு. மாமியாருக்கு முடியலைன்னா லீவு. நாளைக்கே ஊட்டுக்காரரு வேண்டாமுன்னா நின்னுக்குவீங்க. ஆளை எடுத்துப் பழக்கி உட்டு, பொறவு நாங்க என்ன பண்றது?"

"இத்தன நாள்ல நான் ஒருக்காவாச்சும் லீவு கேட்டேனுங்களா?"

"இல்லீங்க."

"லேட்டா வந்தேனுங்களா?"

"இல்லீங்க அம்மணி, அதுக்கில்ல..."

"ஊட்டுக்காரரு உங்களைக் கூப்புட்டு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏனுங்க?"

எம்.டி. மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். அக்கா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பிழையைக் கண்டுபிடித்தபோதெல்லாம் வரும் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"கெடச்சிருச்சு கண்ணு. இதுதான் அந்த வரி."

பிறகு எம்.டி.யைப் பார்த்து, "காரணமில்லாத வரியை நாங்க உட்டு வெக்கறதில்லீங்க சார். நீங்களும் அழிச்சுப்போடுங்க" என்றார்.

"முடிவு பண்ணியாச்சுங்க அம்மணி."

"செரீங்க. வாரேனுங்க."

கதவு மூடிய சத்தம் கேட்டது. எம்.டி. பெருமூச்சு விட்டுவிட்டு, "நீங்க திங்கக்கெழம வந்துருங்க கண்ணு" என்றார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வேலை எனக்கும் வேண்டும். அப்பா வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையாவது கூட்டி வருவார். எல்லாம் தெரிந்தும் என் வாய் தன் பாட்டில் கேட்டது.

"என்னை ஏனுங்க எடுத்தீங்க?"

எம்.டி. சிரித்தார். "நீங்களுமா? உங்களுக்கென்னுங்க கண்ணு, இன்னும் கல்யாணம் ஆகலை, ஒரு பிக்கல் புடுங்கல் இல்லை."

"ஆச்சுன்னாங்க?"

மறுபடியும் அந்தப் பேனா மூடி திறந்தது, மூடியது. நான் காத்திருக்கவில்லை. என் வேலைக்கும் அடியில் இருந்தது அதே வரிதான். இன்றைக்கு அது என்னை உள்ளே விடுகிறது, நாளைக்கு என்னை வெளியே தள்ளும். "நான் வர்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கீழே பேக்கரியில் அக்கா தேங்காய் பன் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மெச்சுவார், அணைத்துக்கொள்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். விரலை என் பக்கம் நீட்டினார்.

"ஏனுங்க வேலையை உட்டுப்போட்டு வந்தீங்க? எனக்காகன்னா அது காரணமே இல்லீங்க. திரும்பிப் போயிருங்க."

"உங்களுக்காக இல்லீங்க்கா. எனக்குக் கல்யாணம் ஆனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். பதிலில்லை. அதான்."

பன்னைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். என் காரணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் எந்த நேர்முகத் தேர்விலும் நான் அவ்வளவு பயந்து உட்கார்ந்திருந்ததில்லை. கடைசியில், "ரைட்" என்றார். பன்னைப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

அப்பா என்னோடு சில மாதம் பேசவில்லை. அக்கா வீட்டில் பேசியபடி குடோனுக்குப் போய்க் கணக்கெழுதினார், ஆனால் மறுபேச்சு பேசாமல் இல்லை. அங்கே இருந்த பழைய கம்ப்யூட்டரில் எழுதிப் பழகிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் எப்போதும் ஒரு காலி நாற்காலி கிடக்குமாம், வருகிறவர்களை அதில் உட்கார விடமாட்டாராம். பொங்கல் கழிந்து ஒரு நாள் போன் வந்தது.

"கண்ணு, வேலை கெடச்சிருச்சுங்க! இன்டர்வியூ பண்ணுன அம்மா, முன்னால இருந்த எடத்துல ஏன் எடுக்கலைன்னு கேட்டாங்க. அது அவங்களுக்கே தெரியலீங்கன்னு சொன்னேன். அந்தம்மா சிரிச்சுப்போட்டாங்க. அப்பறம் அவங்க எழுதுன கோட் காட்டுனாங்க. நான் பாட்டுக்கு ஏனுங்க ஏனுங்கன்னு கேட்டுட்டே போனனுங்களா, ஒரு எடத்துல அவங்களுக்கே பதில் தெரியலை. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

அந்தப் போனில் நான் அழுதேன். "ஏனுங்க அழுவறீங்க?" என்று அவர் கேட்டது கேள்வியா அழைப்பா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நம்பர் மாறிவிட்டது. எங்கே இருந்தாலும் அவர் பக்கத்தில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், அந்த ஆள் மேல் எனக்குப் பொறாமைதான்.

நான் இப்போதும் கோயம்புத்தூரில்தான், வேறொரு கம்பெனியில். கல்யாணமும் ஆகிவிட்டது, வேலையும் இருக்கிறது. போன வாரம் எங்கள் எல்லோருக்கும் கோட் எழுதித் தரும் ஏ.ஐ. மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். இனிமேல் இதுதான் உங்கள் ஜோடி என்றார் மேனேஜர். தேவையைச் சொன்னதும் கண் மூடித் திறப்பதற்குள் திரை முழுக்க எழுதித் தந்தது. ஓட்டினேன், ஓடியது. பக்கத்தில் எல்லோரும் சரி சரி என்று அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரி எனக்கு விளங்கவில்லை. மெஷினிடம் தமிழில் கேட்டேன்.

ஏனுங்க?

'வணக்கம்! சொல்லுங்க, உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' என்று வந்தது.

அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். திருநெல்வேலிக்காரர் நடந்தது, எம்.டி. நகர்ந்து உட்கார்ந்தது எல்லாம் கண் முன்னால் வந்தது. கூப்புடலீங்க, கேட்டேனுங்க என்று அதற்கும் எழுதினேன். அது சொன்னது உருப்படியான காரணமாக இல்லை, அந்த வரியிலேயே வண்டியை நிறுத்தினேன். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள், நான் முடிக்கவில்லை. மேனேஜர் வந்து என் பின்னால் நின்றார்.

"ஏனுங்க, இன்னும் இதுலயே நிக்கறீங்க?"

"சும்மா கூப்புடறீங்களா சார், இல்ல கேக்கறீங்களா?"

அவர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். "கேக்கறேனுங்க" என்றார்.

"அப்ப உக்காருங்க" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.